ஒரே சாயங்காலம், ஐந்து சீட்டு: தமிழ்நாட்டு மருத்துவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் முடித்து இந்த மேசைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கி 22 வருஷம் ஆகிறது. மனநல மருத்துவர்கள், ஹார்மோன் மருத்துவர்கள், பிளாஸ்டிக் சர்ஜன்கள், மகப்பேறு மருத்துவர்கள், பொது மருத்துவர்கள் என்று உங்களுக்குத் தனித்தனியே சங்கங்கள் இருக்கின்றன. இந்தக் கடிதம் அத்தனை சங்கங்களுக்கும் சேர்த்துத்தான். ஆளுக்கு ஒன்றாக எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அதனால் ஒரே கடிதம்.

விஷயம், திருநர்களுக்கு, அதாவது திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் (பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள்) நீங்கள் எழுதுகிற மருந்துச் சீட்டு பற்றியது.

சித்திரை வந்தால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு வருகிற திருநங்கைகளில் நிறையப் பேர் விழுப்புரத்து லாட்ஜுகளில்தான் தங்குவார்கள். அவர்கள் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அறுப்பதும் பத்திரிகையில் படமாக வருகிறது. என் கடைக்கு வருவது வேறு கதை. பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோனவர்கள் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். போன முறை ஒரே சாயங்காலத்தில் ஐந்து பேர் வந்தார்கள்.

முதல் சீட்டில், ஆண் ஹார்மோனை அடக்குகிற சைப்ரோடிரோன் 50 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. அடுத்த சீட்டில் அதே மருந்து, நாளைக்குக் கால் மாத்திரை. மூன்றாவதில் சைப்ரோடிரோனே இல்லை, அதே வேலைக்கு ஸ்பைரோனோலாக்டோன் 200. அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம். பொட்டாசியம் பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒரு டெஸ்ட் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நாலாவது சீட்டில் பெண் ஹார்மோனான எஸ்ட்ரடையால் மட்டும். எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மறுபடி எப்போது வர வேண்டும் என்று எழுதுகிற இடம் காலியாக இருந்தது. ஐந்தாவது ஆளிடம் சீட்டே இல்லை. வேறு யாருடைய சீட்டையோ போனில் படம் எடுத்து வைத்திருந்தார். "இதையே குடுக்கா, எங்க ஜமாத்துல எல்லாரும் இதான் போடுறாங்க" என்றார். ஜமாத் என்பது திருநங்கைகளின் சமூகக் குழு.

முதல் சீட்டுக்கும் இரண்டாவது சீட்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே உடல்வாகு. இரண்டு சீட்டிலும் எம்.டி. பட்டம் போட்ட டாக்டர்களின் முத்திரை.

ஆளுக்கு ஆள் மருந்து மாறத்தான் செய்யும், எனக்கும் தெரியும். சர்க்கரைக்கு நீங்கள் ஆளுக்கொரு மருந்து எழுதுகிறீர்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட என்னிடம் சொல்கிறார். காசநோய்க்கு எந்த மாநிலத்திலிருந்து ஆள் வந்தாலும் எடைக்கு இத்தனை மாத்திரை என்பது மாறுவதில்லை. யாரோ ஒரு காலத்தில் உட்கார்ந்து, சண்டை போட்டு, முடிவெடுத்து, அதை எல்லா டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். திருநர்களுக்கு மட்டும் அந்த வேலை நடக்கவில்லை. நடந்திருந்தாலும் என் மேசை வரைக்கும் வந்து சேரவில்லை.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கல்யாணச் சமையலுக்குப் போகிற ஒரு திருநங்கை. வயது நாற்பதை ஒட்டி. நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாசம் ஆறு அட்டை மாலா-டி கருத்தடை மாத்திரை வாங்குவார். சேர்ந்து வேலை செய்கிற பெண்களுக்கு வாங்கிக் கொடுக்கிறார் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை. பல மாதம் கழித்து அவராகவே சொன்னார்: ஒரு நாளைக்கு நாலு. வெள்ளை மாத்திரையை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அட்டையில் கடைசியாக இருக்கும் ஏழு கறுப்பு இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவாராம். "மாரு வளரும், முடி கொறையும்னு சொன்னாங்க மா" என்றார். குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டால் நாலு கடை தள்ளி வாங்குவார், இங்கேயாவது என் கண்ணில் படுகிறாரே என்று ஒரு சமாதானம். அது சரியா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு, நாளைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுச் செய்தது அது. ஒன்றில் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் 30 மைக்ரோகிராம். நாலு சாப்பிட்டால் 120.

ஒரு ஐப்பசி முகூர்த்தம் முடிந்த மறுநாள், காலைத் தாங்கித் தாங்கி வந்தார். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்ற வலி, தைலம் வேண்டும் என்றார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னேன். வலது கெண்டைக்கால் இடதைவிடப் பெரிதாக, தோல் இழுத்துப் பிடித்துப் பளபளவென்று இருந்தது. தொட்டால் சூடு. தைலம் தரமாட்டேன், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.

அவர் போன ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ஆண் வரிசையா பெண் வரிசையா என்று அரை மணி நேரம். உள்ளே போனதும், "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். கூட நின்ற மாணவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். காலைப் பார்த்தவர் யாரும் இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வலி மாத்திரை எழுதிய சீட்டோடு திரும்பி என்னிடமே வந்தார். தெரிந்த டாக்டர் ஒருவருக்கு போன் போட்டேன். அவர் உடனே வேறு இடத்துக்கு அனுப்பி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்க வைத்தார். தொடை வரைக்கும் ரத்தம் உறைந்திருந்தது. நல்லவேளை, அது நுரையீரலுக்குப் போகவில்லை. ஆறு மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டார்.

அதற்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆம்ஸ்டர்டாமில் இதே எத்தினைல் எஸ்ட்ரடையாலைத்தான் ஒரு காலத்தில் திருநங்கைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் 100 மைக்ரோகிராம், கூட சைப்ரோடிரோன் 100 மில்லிகிராம். அப்படி மருந்து எடுத்த 303 பேரின் நிலையை 1989இல் அந்த டாக்டர்களே எழுதி வெளியிட்டார்கள். ரத்தக்குழாயில் உறைவு வருவது எதிர்பார்த்ததைப் போல 45 மடங்கு. தங்கள் சிகிச்சையால் வந்த கெடுதியைத் தாங்களே எண்ணி ஊருக்குச் சொன்னார்கள். அதனால் உலகம் முழுக்க மருந்து மாறியது. அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2009இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய வழிகாட்டுதல், எத்தினைல் எஸ்ட்ரடையால் வேண்டாம் என்று சொல்கிறது. அது கல்லீரலில் லேசில் சிதையாது, ரத்தம் உறைவதைத் தூண்டும், வழக்கமான எஸ்ட்ரடையால் டெஸ்டில் அதன் அளவும் தெரியாது. எஸ்ட்ரடையால் கொடுங்கள், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாருங்கள், அப்புறம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை என்று விவரமாகவே எழுதியிருக்கிறார்கள்.

1989இல் ஆம்ஸ்டர்டாமில் ஆபத்து என்று கண்டுபிடித்து, பிறகு கைவிட்ட ஒன்றை, கிட்டத்தட்ட அதே அளவில், நான் விழுப்புரத்தில் மேசைக்கு மேல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? அதைக் கேட்கத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த அக்கா ஏன் டாக்டரிடம் போகாமல் மாலா-டிக்குப் போனார் என்றும் கேட்டேன். போயிருக்கிறார். பல வருஷத்துக்கு முன்னால். ஹார்மோன் கொடுக்கலாம் என்று மனநல டாக்டரிடம் லெட்டர் வாங்கி வா என்றார்களாம். அந்த டாக்டர், ஆறு மாசம் வந்து போ, பார்க்கலாம் என்றாராம். ஒவ்வொரு தடவையும் கன்சல்டேஷன் பணம், பஸ் காசு, ஒரு நாள் கூலி. மூன்றாவது தடவைக்குப் பிறகு போகவில்லை. வாசலில் வைக்கிற காவல் கடுமையாக இருந்தால் ஆசையை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை, டாக்டர். என் கடைக்கு வருகிறார்கள்.

இந்த லெட்டர் விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் உலகத்தில் இது எங்கேயோ போய்விட்டது. ஹாரி பெஞ்சமின் என்ற ஹார்மோன் மருத்துவரின் பெயரில் 1979இல் தொடங்கிய சங்கம்தான் பின்னால் பெயர் மாறி உலகத் திருநர் நல மருத்துவச் சங்கம் ஆனது. டபிள்யூபாத் என்பார்கள். தொடங்கிய வருஷத்திலிருந்தே தர நெறிமுறை வெளியிட்டு வருகிறார்கள். 2011இல் வந்த ஏழாவது பதிப்பு, பிறப்புறுப்பு அறுவை சிகிச்சைக்கு இரண்டு லெட்டர் கேட்டது. 2022இல் வந்த எட்டாவது பதிப்பு, தகுதியுள்ள ஒருவரின் மதிப்பீடு போதும் என்றது. அறுவைக்கு முன் ஹார்மோன் எடுக்க வேண்டிய காலத்தையும் 12 மாதத்திலிருந்து 6 மாதமாகக் குறைத்தது. சைப்ரோடிரோனுக்கும் அதே கதைதான். ஒரு காலத்தில் 100 மில்லிகிராம். 2017இல் எண்டோகிரைன் சொசைட்டி 25 முதல் 50 வரை என்றது. 2022இல் டபிள்யூபாத் 10 போதும் என்றது. நடுவில் 2020இல் ஐரோப்பிய மருந்து ஆணையம், அந்த மருந்தை அதிக அளவில் நாள்பட எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்துப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியிருந்தது. இந்த எண்களை வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்த முதல் இரண்டு சீட்டையும் பாருங்கள். ஒருவர் பழைய கணக்கில் நிற்கிறார், இன்னொருவர் புதியதைப் படித்திருக்கிறார். மருந்து சாப்பிடுகிறவருக்கு அது தெரியாது. எந்த டாக்டர் வாய்த்தாரோ அதுவே தலையெழுத்து.

நோய்ப் பட்டியலில் இதற்கு இருந்த பெயரே மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 11ஆம் பதிப்பை 2019 மே மாதம் ஏற்றுக்கொண்டார்கள், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் திருநர் நிலை மனநோய் அத்தியாயத்திலேயே இல்லை. பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்குப் போய்விட்டது. எனக்கு வருகிற சீட்டுகளில் இன்னும் எஃப்64 என்ற பழைய மனநோய்க் குறியீடு இருக்கிறது. போன மாதம் ஒரு திருநம்பித் தம்பி அந்தக் குறியீட்டின் மேல் விரலை வைத்து, "இது என்னக்கா?" என்று கேட்டான். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பழைய பட்டியல், மாறிவிட்டது, நீ கவலைப்படாதே என்றேன்.

சட்டத்திலேயே டபிள்யூபாத்தின் பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென்று 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாலின மாற்று அறுவை சிகிச்சை தொடர்பாக ஒரு நலக் கையேட்டை டபிள்யூபாத் வழிகாட்டுதலின்படி அரசு கொண்டுவர வேண்டும் என்கிறது. ஒரு மருத்துவச் சங்கத்தின் பெயரை எழுதி, அவர்கள் சொல்கிறபடி செய் என்று சட்டமே சொல்வது சின்ன விஷயம் இல்லை. மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தக் கையேட்டு வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. கையேடு அறுவை சிகிச்சைக்குத்தான். ஹார்மோனும் கவுன்சலிங்கும் பக்கத்து வரிகளில் வருகின்றன, கையேட்டில் இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்குள் ஆறேழு மணி நேரம். அதற்கு வெளியே முப்பது, நாற்பது வருஷம்.

அந்த வெளியே உள்ள வருஷங்களுக்குத்தான் ஆள் இல்லை. கேரளத்தில் அனன்யா குமாரி அலெக்ஸ், சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட முன்வந்த திருநங்கை. 2020இல் செய்துகொண்ட அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிற்கவும் உட்காரவும் முடியாமல் அவதிப்படுவதாக, சிகிச்சையில் தவறு நடந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். 2021 ஜூலையில் இறந்துபோனார். யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. அறுவைக்குப் பின் இத்தனையாவது வாரம், இத்தனையாவது மாதம் இன்னின்னதைப் பார்க்க வேண்டும், சிக்கல் வந்தால் இங்கே போக வேண்டும் என்று எழுதி வைத்த ஒரு தாள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறதா என்று மட்டும் உங்களைக் கேட்கிறேன்.

வயதான திருநங்கைகளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. டாக்டர் இல்லாமல், தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையின் கையால் நிர்வாணம், அதாவது உறுப்பு நீக்கம், செய்துகொண்ட தலைமுறை. நாற்பது நாள் கழித்துப் பால் ஊற்றும் சடங்கு நடந்தது, அதோடு மருத்துவம் முடிந்தது. விதை எடுத்த பிறகு உடம்பில் ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் எலும்பு தேயும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நடப்பதுதான், ஆனால் இவர்களுக்கு இருபது வயதிலேயே தொடங்கிவிடுகிறது. எங்கள் தெருவுக்கு வருகிற ஒரு பாட்டி, ஜமாத்தில் எல்லோருக்கும் நானி. கோயில் படியில் லேசாகத்தான் தடுக்கினார். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எலும்பின் அடர்த்தி பார்க்கச் சொல்லவில்லை, வைட்டமின் டி கேட்கவில்லை. அறுபதைத் தொடாத ஒருவருக்கு இவ்வளவு லேசாக ஏன் முறிந்தது என்று யோசித்திருந்தால் போதும். எலும்புச் சோதனையைப் பற்றி எண்டோகிரைன் சொசைட்டி எழுதியிருக்கிறது. டபிள்யூபாத் எட்டாவது பதிப்பில் இப்படி விதை நீக்கிக்கொண்டவர்களுக்கென்றே முதல் தடவையாகத் தனி அத்தியாயம் இருக்கிறது. நம் ஊர் நானிகளுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. அதை நம் ஊரில் யார் படித்தார்கள்?

திருநம்பிகள் இன்னும் கண்ணுக்குத் தெரியாதவர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வாங்கிக்கொண்டு, போடுவதற்கு ஆள் தேடி அலைகிறார்கள். கம்பவுண்டர் சிலர் பயந்துகொண்டு மறுக்கிறார்கள், சிலர் தோன்றிய இடத்தில் குத்துகிறார்கள். ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹீமாட்டோகிரிட் பார்க்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வந்துவிடும், பெரிய செலவு இல்லை. எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்?

இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வந்த காஸ் அறிக்கையைச் சொல்லி, இந்த நெறிமுறைகளே சர்ச்சைக்குரியவை, இப்போது அவசரப்பட வேண்டாம் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அந்த அறிக்கை பார்த்தது சிறுவர்களையும் இளையவர்களையும் பற்றி. பதின்வயதில் மருந்து கொடுப்பதற்கு ஆதாரம் போதுமா என்ற கேள்வி பெரிய கேள்வி. அதைப் படித்தவர்கள் பொறுமையாக விவாதிக்கட்டும், நான் அதற்குள் போகவில்லை. நாற்பது வயதுச் சமையல்கார அக்காவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்காமல் இருக்க அது காரணம் ஆகாது. இப்போதே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. 2008இல் நாட்டிலேயே முதலில் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது நாம்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்தோம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதிய சீட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். டெஸ்ட் பெயர் இருக்கும், அடுத்த தேதி இருக்கும். ஆனால் விழுப்புரத்திலிருந்து சென்னை 160 கிலோமீட்டர். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் யார் போவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விஷயத்தில் நடந்த நல்லதில் பாதி, கோர்ட் பிடித்துத் தள்ளியதால் நடந்தது. ஒருவரை ஒருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலின ஈர்ப்பையும் அடையாளத்தையும் மாற்றுகிறோம் என்று சிகிச்சையின் பெயரில் இப்படிப்பட்டவர்களையும் திருநர்களையும் "சரிசெய்கிற" வேலையைத் தடுக்கச் சொன்னார். தீர்ப்பு எழுதும் முன் தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த வழக்கின் பின்னால்தான் 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் கடைசியில் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பெண்ணும் பெண்ணும் உறவுகொள்வதை இயற்கைக்கு மாறான குற்றம் என்று மறுபடி சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பப் பெற்றது. டெல்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் இப்படித்தான், ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால். உங்கள் சங்கங்களுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஹாலும் போதும்.

வெறும் தாளிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. டபிள்யூபாத் எழுதியது இருக்கிறது, எண்டோகிரைன் சொசைட்டி எழுதியது இருக்கிறது. நம் நாட்டிலேயே அசோசியேஷன் ஃபார் டிரான்ஸ்ஜெண்டர் ஹெல்த் இன் இந்தியா என்ற அமைப்பு 2020இல் இந்தியாவுக்கென்று ஒரு தர நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள். அவற்றை அப்படியே பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தந்த ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று டபிள்யூபாத்தே தனி அத்தியாயத்தில் எழுதியிருக்கிறது. நம் ஊருக்குத் தக்கபடி என்றால், ஹார்மோன் டாக்டர் இல்லாத தாலுகாவில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எதைச் செய்யலாம், எதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத வேண்டும். மாலா-டி நாலு சாப்பிடுகிறவர் வந்தால் திட்டாமல் எப்படி எஸ்ட்ரடையாலுக்கு மாற்றுவது என்று எழுத வேண்டும். தாயம்மா நிர்வாணம் செய்த நானிக்கு என்னென்ன டெஸ்ட் என்று எழுத வேண்டும். இவை எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இந்த வார்த்தைகளில் இருக்காது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதும்போது திருநங்கைகளையும் திருநம்பிகளையும் கூட உட்கார வையுங்கள். மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்புவதைச் சொல்லவில்லை. வரைவைக் கையில் கொடுத்து, இது உங்கள் ஊரில் நடக்குமா, இந்த டெஸ்டுக்கு உங்களால் வர முடியுமா, இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டால் உங்களுக்கு வலிக்குமா என்று வரிவரியாகக் கேளுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் ஆண், பெண் இரண்டிலும் சேராத கட்டத்தில் தங்களைப் பதிந்திருக்கிறார்கள். பதியத் துணியாதவர்கள் எத்தனையோ. உங்களுக்கு ஆள் கிடைக்காமல் போகாது.

அது முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கத்துக்குச் சுருக்கி அச்சடியுங்கள். ஒரு பக்கம் டாக்டருக்கு, ஒரு பக்கம் மருந்து சாப்பிடுகிறவருக்கு. எந்த மருந்து ஆகாது, எந்த டெஸ்ட் எப்போது, கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், தலை விடாமல் வலித்தால் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு விதி இருக்கிறது. அதில் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மருந்தாளுநர்களாகிய எங்களையும் கூப்பிடுங்கள். நீங்கள் ஒரு மாதத்தில் பார்க்கிற திருநர்களைவிட நாங்கள் ஒரு வாரத்தில் பார்ப்பது அதிகம். எங்களிடம் அவர்கள் பொய் சொல்வதும் குறைவு.

அந்தச் சமையல்கார அக்கா இப்போது எஸ்ட்ரடையால் எடுக்கிறார். போன் போட்டால் எடுத்த அந்த டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். அவர் குழந்தைகள் மருத்துவர், இது தன் துறை இல்லை, வேறு யாரும் கிடைக்கவில்லை என்பதால் படித்துப் பார்த்து எழுதுகிறேன் என்று என்னிடம் சொன்னார். மூன்று மாதம் முடிகிறது. நேற்று அக்கா கடைக்கு வந்து, "ரத்தம் எங்க மா குடுக்கணும், என்னென்ன பாக்கணும், ரிப்போர்ட்ட யார்கிட்ட காட்டணும்?" என்று கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு நான் படித்ததை வைத்து ஒரு துண்டுச் சீட்டில் நாலு டெஸ்ட் பெயர் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதற்கு, குழந்தைகள் டாக்டரையே மறுபடி கேட்டுவிட்டுச் சொல்கிறேன், வியாழக்கிழமை வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து ஒரு மருந்தாளுநர்